பேதியும் பேதமும்

டாக்டருக்குப் படிக்கிறவர்கள் நோயாளியைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் முதல் வருஷத்தோடு போய்விட்டது. நான் உண்மையாகவே நடுங்கியது வருஷத்துக்கு ஒருமுறை நிரப்பிக் கொடுக்க வேண்டிய டிக்ளரேஷனைப் பார்த்துத்தான்.

மேற்படிப்பில் இருக்கும் ஒவ்வொரு டாக்டரும் தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. எங்கெங்கே வேலை பார்த்தாய், எத்தனை லீவு எடுத்தாய், உடம்புக்கு ஏதாவது உண்டா, உன்மேல் யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டே போகும். நோயாளிக்குக் கெடுதல் நடந்த, அல்லது நடக்கப் பார்த்த சம்பவம் எதிலாவது உனக்குத் தொடர்பு உண்டா என்று கேட்கும். உண்டு என்றால் அதில் உன் பங்கு என்ன என்று விவரமாக எழுதச் சொல்லும். முடிவில், மேலே சொன்னதெல்லாம் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை, எதையும் மறைக்கவில்லை என்று ஒரு வாசகம், அதன் கீழே கையெழுத்து. கடைசி வருஷத்தில் ஆஸ்பத்திரியின் பயிற்சிக் குழு இதைப் பார்த்துச் சம்மதித்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். பொய் என்று தெரிந்தால் படிப்பே நின்றுபோகலாம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். சின்ன எழுத்தை எல்லாம் படித்துத் தொலைக்கிற ரகம் நான்.

என் சுபாவம் அப்படி. அடுப்பில் கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். மருந்துச் சீட்டில் எழுதிய அளவை நர்ஸிடம் போய் மறுபடி வாங்கிப் பார்ப்பேன். வார்டில் இதைக் கவனம் என்று பாராட்டினார்கள். வீட்டில் அம்மா இதற்கு வெப்ராளம் என்று பேர் வைத்திருந்தாள். மலையாளத்தில் அதற்குப் பதற்றம் என்று பொருள். நாங்கள் அதைத் தமிழ் என்றுதான் நினைத்திருந்தோம்.

இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் குடும்பம் பல தலைமுறைக்கு முன்னால் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தது. வீட்டில் பேசுவது தமிழ். நான் படித்தது மலையாளத்திலும் இங்கிலீஷிலும். தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கவே டாக்டரான பிறகுதான் கற்றுக்கொண்டேன். நாங்கள் பேசுகிற தமிழில் பாதி மலையாளம் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எந்தப் பாதி என்று எங்களுக்குத் தெரியாது. அதுதான் சங்கடம்.

அந்தக் கடைசி வருஷ டிக்ளரேஷனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிரப்ப உட்கார்ந்தேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் சந்தில் மழை பெய்தால் பக்கத்துக் கிடங்கிலிருந்து சுக்கு வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரி அடிப்பதும் அதை அழிப்பதுமாக இருந்தேன். எதிரே அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி அது, இத்தனை நேரமா?"

"டிக்ளரேஷன் அம்மா. நானே என்னைப் பத்தி எழுதிக் கொடுக்கணும்."

"சத்யவாங்மூலமா? கோர்ட்டுக்கா போறே?"

கோர்ட்டில் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்துக்கு மலையாளத்தில் அதுதான் பேர். அம்மா விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் அடித்திருந்த வரியை மறுபடி அழித்தேன்.

லீவு பகுதியிலேயே மாட்டிக்கொண்டேன். அண்ணன் கல்யாணத்துக்கு ஒருத்தியிடம் டியூட்டியை மாற்றிக்கொண்டு போனேனே, அது லீவா இல்லையா? உடம்பு பகுதி இன்னும் மோசம். உன் வேலையைப் பாதிக்கக்கூடிய உபாதை ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. பதற்றம் ஓர் உபாதையா என்று யோசித்தேன். ஆமென்றால் எழுத வேண்டும். எழுதினால் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரிப்பார்களே என்று நினைத்ததும் பதறியது. அப்படியானால் உபாதைதானே.

"என்னத்துக்கு இப்படி வெப்ராளப்படறே? உள்ளதை உண்டுன்னு எழுது, இல்லாததை இல்லேன்னு எழுது. அவ்வளவுதானே," என்றாள் அம்மா.

சம்பவம் பற்றிய கேள்வி வந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அதற்கு எழுத என்னிடம் நல்லதாக ஒன்று இருந்தது. சொல்லப்போனால் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் நடந்தது. தோப்பும்படியில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கும் ஆள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், காய்ச்சலும் வாந்தியுமாக எங்கள் வார்டில் சேர்ந்தார். டிரிப் ஏற்றினார்கள். ராத்திரியோடு வாந்தி நின்றுவிட்டது. காலையில் ஹவுஸ் சர்ஜன் பெண் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். இடக்கொச்சிக்காரி, மலையாளி, படிப்பு முடிந்து பயிற்சியில் இருந்த சின்னப்பெண். அவர், "பேதியாயிடுச்சும்மா" என்று சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் உடம்பு தேவலை என்பதற்கு பேதமாயி என்பார்கள். அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. நோயாளி குணமடைந்து வருவதாகச் சொல்கிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதினாள். டிரிப்பை நிறுத்தினார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த மனுஷனுக்கோ விடிய விடிய வயிற்றுப்போக்கு. கூச்சப்பட்டுக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் தானே சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போய் வந்திருக்கிறார். மத்தியானம் அதன் வாசலிலேயே சுருண்டு விழுந்தார்.

அப்போது ஓடிப்போனது நான். நாடி நூலாக ஓடியது, பிரஷர் அதல பாதாளத்தில் இருந்தது. அவரிடம் தமிழில் கேட்டு, விஷயத்தைப் புரிந்துகொண்டு, இரண்டு கையிலும் டிரிப் ஏற்றி, கிட்னி கெட்டுப்போகாமல் காப்பாற்றினோம். சில நாளில் நடந்தே வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வார்டில் என்னைத் தமிழ் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பேதி, பேதம் கதையை நான் கேண்டீனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மேஜையே குலுங்கும். எங்கள் யூனிட் சீஃப்கூட, "அதை டிக்ளரேஷனில் எழுது, நன்றாக இருக்கும்" என்று சொல்லியிருந்தார். குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

ஆகவே, 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு, விழிப்பாக இருந்து ஒரு உயிரைக் காப்பாற்றிய கதையை இங்கிலீஷில் அழகாக எழுதத் தொடங்கினேன். அந்த நேரத்தில்தான் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

வந்தது அந்த ஹவுஸ் சர்ஜன்தான். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். அவளுக்குத் தமிழ் சினிமா என்றால் உயிர். என்னிடமும் அம்மாவிடமும் தமிழில்தான் பேசுவேன் என்று அடம்பிடிப்பாள். அவளுக்கும் பயிற்சி முடிகிற சமயம். அவர்களும் இதே மாதிரி ஒரு டிக்ளரேஷன் கொடுத்தால்தான் சர்டிபிகேட் கிடைக்கும். வயநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அடுத்த மாதம் முதல் தேதி சேர வேண்டும் என்று எல்லோருக்கும் லட்டு கொடுத்திருந்தாள்.

"சேச்சி, என்றெ டிக்ளரேஷன் நான் கொடுத்தாச்சு," என்றாள் உட்காராமலே. "நான்தான் தப்பா கேட்டேன்னு எழுதினேன். சேச்சியோட காரியம் ஒண்ணும் எழுதியில்லா. பேடிக்கண்டா."

பயப்பட வேண்டாமாம். நான் பயப்படவே இல்லையே.

"என் காரியமா? என்ன காரியம்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கு ரவுண்ட்ஸ்ல நான் கேட்டேனில்லே. பேதியாயின்னா பேதமாயின்னுதானே சேச்சின்னு. ஆமா, ஆத்துல எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுவான்னு சேச்சிதானே சொன்னது. வேற பெட்டோட ஈசிஜி பாத்துக்கிட்டு நிக்குவாயிருந்து சேச்சி."

அப்படி ஒன்று நடந்ததாக எனக்குத் துளிகூட நினைவில்லை. காலை ரவுண்ட்ஸில் ஆயிரம் பேர் ஆயிரம் கேட்பார்கள், கையில் இருப்பதை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொல்லிக்கொண்டே போவோம். சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

"நான் அப்படியெல்லாம் சொன்னதா எனக்கு ஓர்மையே இல்லையே," என்றேன்.

"அது சாரமில்லா சேச்சி. நான் எழுதியில்லல்லோ."

பரவாயில்லை என்கிறாள். பெரிய மனசோடு மன்னிக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நான் இத்தனை நாள் கேண்டீனில் இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் இவளும் அந்த மேஜையில்தானே இருந்தாள்? எல்லோரும் இவளைப் பார்த்துச் சிரித்தபோது இவளும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டுதானே இருந்தாள்? ஒரு வார்த்தை சொல்லவில்லையே. கோபம் வந்த வேகத்திலேயே போய், அங்கே வெட்கம் வந்து நின்றது.

அம்மா சாயா கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன வாரம் காய்ச்சல் என்று நான்தான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

"குடிம்மா. உங்கம்மைக்கு ஜுரம் பேதமாயிடுத்தா?"

"பேதமாயி, அம்மா," என்றாள் அவள் தலையைக் குனிந்துகொண்டு.

நான் சாயா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் செய்தாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பீன்ஸுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு நான் லேப்டாப்பில் எழுதியதையெல்லாம் அழித்தேன். எனக்கு நினைவில்லை, ஆகவே அது நடக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது நிற்கவில்லை. ஏனென்றால் கேண்டீன் கதையில் நான் எப்போதும் விட்டுவிடும் ஒரு இடம் உண்டு.

அந்த மனுஷன் கக்கூஸ் வாசலில் கிடந்தபோது நான் குனிந்து, என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "காலையிலேயே சொன்னேனேம்மா, பேதியாயிடுச்சுன்னு" என்றார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், பிதற்றுகிறார் என்று நினைத்தேன். தரையில் விழுந்து கிடக்கிற ஆள் தேவலை ஆகிவிட்டது என்று சொன்னால் வேறென்ன நினைப்பது? பிறகு அவர் கையை வயிற்றின்மேல் வைத்து, "தண்ணி தண்ணியா வயித்தால போவுதும்மா" என்றார். அப்போதுதான் விளங்கியது. எங்கள் வீட்டில் அதற்கு வயத்தாலே போறது என்றுதான் சொல்வோம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற மலையாளிகள் வயறிளக்கம் என்பார்கள். பேதி என்ற சொல் என் காதிலேயே விழுந்ததில்லை.

ஆக, பேதி என்றால் என்ன என்று எனக்கே அன்று மத்தியானம்தான் தெரியும். காலையில் என்னிடம் ஒருத்தி கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அவள் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். 'ஆத்துல எங்கம்மாவும்' என்று அவள் சொன்னாளே, அந்த 'ஆத்துல' இடக்கொச்சிக்காரிக்கு எங்கிருந்து வரும்? அது என் வாயிலிருந்து போன சொல்.

அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை என்று எழுதியிருந்ததை அன்றைக்குத்தான் சரியாகப் படித்தேன். நடந்தது என் அறிவில் இல்லை. ஆனால் நடந்தது என்று நான் நம்பினேன். இரண்டு சொல்லையும் போட்டு வைத்தவன் என்னை மனசில் வைத்துக்கொண்டுதான் போட்டிருக்கிறான் என்று எரிச்சலாக வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் தலை வெடித்திருக்கும். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "உனக்குத்தான் ஓர்மையில்லையே. ஓர்மையில்லாததைப் போய் யாராவது எழுதிக் கொடுப்பாளா?" என்றாள். நியாயமான கேள்வி. கூடவே, "அந்தக் கொழந்தையும் எழுதலைங்கறயே, நீ எழுதினா அவளுக்கு என்னாகும்?" என்றும் கேட்டாள்.

அதுதான் என்னைத் தூக்கிப் போட்டது. என் பரீட்சை போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவளுடைய சர்டிபிகேட்டை நான் நினைக்கவே இல்லை. தப்பாகக் கேட்டது தான்தான் என்று மட்டும் எழுதி, எதையும் மறைக்கவில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. நான் உண்மையை எழுதினால் அவள் எழுதியது பொய். நான் அதை விட்டுவிட்டால் என் டிக்ளரேஷன் பொய். இரண்டில் ஒரு கையெழுத்து கெட்டுத்தான் ஆக வேண்டும்.

மறுநாள் டியூட்டி இடைவேளையில் அவளுக்கு போன் செய்து, எழுதப்போகிறேன் என்றேன்.

"அப்போ என்றெ டிக்ளரேஷன் கள்ளமாவுமில்லே சேச்சி?" என்றாள்.

"உன்னதை வாங்கித் திருத்திக் கொடு. நானும் கூட வரேன்."

"திருத்தினா சர்டிபிகேட் நிக்கும். ஒண்ணாம் தேதி எனிக்கு அவிடே சேரணும்." பிறகு மெதுவாக, "சேச்சிக்கு ஓர்மையில்லேன்னுதானே சொன்னீங்க. பின்னே எதுக்கா?" என்றாள்.

நேர்மை என்று பெரிய சொல்லைச் சொல்ல வாய் கூசியது. உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயம். இன்னும் பத்து வருஷம் கழித்து இவள் யாரிடமாவது சொல்லி, அது என்னிடம் வந்து கேட்கப்படுமோ என்ற பயம். கேஸை மூடினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறவளுக்கு இதைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்க முடியாது. அந்தப் பயத்தோடு கொஞ்சம் நேர்மையும் கலந்திருந்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் எழுதினேன். அந்தச் சொல்லின் பொருளை என்னிடம் கேட்டதாகவும், நான் தவறாகச் சொன்னதாகவும் சக டாக்டர் சொல்கிறார். நான் சொன்னது எனக்கு நினைவில்லை, ஆனால் சொன்னேன் என்றே நம்புகிறேன். காரணம், அந்தச் சொல் அன்று மத்தியானம்வரை எனக்குத் தெரியாது. அவள் பெயரைப் போடவில்லை. போடாமல் விட்டால் மட்டும் யார் என்று தெரியாதா என்ன. அனுப்புகிற பொத்தானை அமுக்கியதும் ஒரு நிமிஷம் லேசாக இருந்தது. அடுத்த நிமிஷமே அனுப்பியதைத் திறந்து மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வாரமே இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். சீஃப் அறைக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. உள்ளே சீஃபும் குறிப்பெடுக்கக் குழுவின் இன்னொரு டாக்டரும் இருந்தார்கள். மேஜைமேல் எங்கள் இரண்டு டிக்ளரேஷனையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார் சீஃப். அவர் பேசியது மலையாளத்தில். அதைத் தமிழில் தருகிறேன்.

"ஒருத்தி தப்பாகக் கேட்டேன் என்கிறாள். இன்னொருத்தி தப்பாகச் சொன்னேன் என்கிறாள். பழைய மலையாளத்திலேயே பேதி உண்டு. உங்கள் இரண்டு பேருக்கும் எந்த பாஷையும் உருப்படியாகத் தெரியாது, அதுதான் விஷயம்." சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா?"

"இல்லை சார்."

"பிறகு எப்படி எழுதிக் கொடுத்தாய்?"

எனக்கு அந்தச் சொல் தெரியாமலிருந்ததை, கீழே கிடந்தவர் பிதற்றுகிறார் என்று நான் நினைத்ததை, கேண்டீனில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லி வந்ததை எல்லாம் சொன்னேன். குறிப்பெடுத்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"அதெல்லாம் நீ யோசித்துக் கண்டுபிடித்தது. நடந்ததை நீ பார்க்கவில்லை," என்றார் சீஃப். பிறகு அவளிடம் திரும்பினார். "நீ இவளிடம் கேட்டாயா? இவள் உனக்குப் பொருள் சொன்னாளா?"

நினைவிருந்தது அவள் ஒருத்திக்குத்தான். ஆமென்றால் அவள் கொடுத்த டிக்ளரேஷன் பொய், சர்டிபிகேட் நிற்கும், வயநாட்டு வேலை போய்விடும். என் பங்கு உறுதியாகும், என் பரீட்சையும் என்ன ஆகுமோ. இல்லையென்றால் என்னைப் பொய்க்காரி ஆக்கியதாகும். அவள் எதைச் சொல்ல வேண்டும் என்று நான் அந்த நேரத்தில் வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுத எனக்குத் தைரியமில்லை. அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"எனிக்கு ஓர்மையில்லா, சார்," என்றாள்.

சீஃப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வார்டில் அவ்வளவு வருஷம் கழித்தவர்.

"இரண்டு பேருக்கும் நினைவில்லாத ஒன்றை நான் எப்படி விசாரிக்க?" என்று சொல்லி, இரண்டு தாளிலும் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இனிமேல் பாஷை சந்தேகமாக இருந்தால் நோயாளியிடமே இன்னொரு தடவை கேளுங்கள். கையால் காட்டச் சொல்லுங்கள். போங்கள்."

அவ்வளவுதான். எனக்குப் பரீட்சைக்குச் சம்மதம், அவளுக்குச் சர்டிபிகேட். நான் அந்த வாரமெல்லாம் நடுங்கியதற்கு அதற்குமேல் ஒன்றுமே நடக்கவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

வராந்தாவில் அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். படிக்கட்டில்தான் எட்டிப் பிடித்தேன்.

"உனக்கு நிஜமாவே ஓர்மையில்லையா?" என்று கேட்டேன்.

நின்று, திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சேச்சிக்கு ஓர்மை வரும்போ சொல்லுங்க," என்றாள். "அப்போ எனிக்கும் வரும்."

அந்த மாதக் கடைசியில் அவள் வயநாட்டுக்குப் போனாள். நான் பரீட்சை எழுதினேன், தேறினேன். எதையும் மறைக்கவில்லை என்று நான் போட்ட கையெழுத்து ஆஸ்பத்திரியில் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது. அது பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, எல்லாம் நினைவிருந்த ஒருத்தி நினைவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் காலை ரவுண்ட்ஸை, அந்த ஈசிஜியை, பக்கத்தில் நின்று அவள் கேட்டதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இன்னும் ஓர்மை வரவில்லை.